ஆசிரமத்துக் கேசட்டில் இருந்த பஜனை



இந்த மாத சமய வகுப்புப் பாடத்தை நீயே எழுது என்று கிளைத் தலைவர் அண்ணன் வாட்ஸ்அப்பில் சொன்னபோது, விரதங்களின் பயன் என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன செமஸ்டரில் நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. அதையே பாடமாக்கிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒரு சீனப் பையன். மெக்கானிக்கல் படிக்கிறான், ஜாஸ் இசைப் பைத்தியம். ஒருநாள் இரவு 2 மணி இருக்கும். லேப் ரிப்போர்ட்டோடு நான் போராடிக்கொண்டிருந்தேன். அவன் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு, "இது உங்க ஆளுங்க பாட்டுதானே? என்ன அர்த்தம்?" என்றான்.

சர்ச்சில் கேட்பதுபோல ஓர் ஆர்கன் சத்தம். அதன்மேல் தாழ்ந்த ஒரு பெண் குரல். அவசரமே இல்லை. தபேலா இல்லை, தாளம் இல்லை. 'ஜகதீஸ்வர்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை பஜனையில் எத்தனை தடவை பாடியிருப்பேன் அந்தச் சொல்லை!

"சாமி பாட்டு" என்றேன்.

"அது தெரியுது. அர்த்தம் என்ன?"

"கடவுள்... உலகத்துக்கு... ஒரு மாதிரி..." என்று இழுத்தேன். சமய வகுப்புத் தேர்வில் முதல் பரிசு வாங்கியவன் நான். கோப்பை இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கு.

அடுத்து அவன் கேட்டதுதான் வேடிக்கை. "பாடுறவங்க பேரு துரியான்னு போட்டிருக்கு. டுரியான் பழமா?" ரெண்டு பேரும் சிரித்தோம். ஆனால் துரியம் என்றால் என்ன என்று அவனுக்கு நான் அப்போது சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

யார் இந்த துரியா?

அவருடைய பெயர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1937-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கறுப்பினக் குடும்பத்தில் ஆலிஸ் மெக்லியோட் என்ற பெயரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பாப்டிஸ்ட் சர்ச்சில் பியானோவும் ஆர்கனும் வாசித்தவர். வளர்ந்தபின் பாரிஸ் போய், பட் பவல் என்ற பெரிய ஜாஸ் பியானோ கலைஞரிடம் கற்றுக்கொண்டார். 1963-இல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைச் சந்தித்தார். 1965-இல் திருமணம்.

ஜான் கோல்ட்ரேன் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1964 டிசம்பரில் அவர் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' கடவுளுக்குக் காணிக்கையாகவே செய்யப்பட்ட இசை. அதற்குப் பிறகு ஜாஸில் ஒரு கிளையே முளைத்தது. அதைத்தான் 'ஸ்பிரிச்சுவல் ஜாஸ்' என்கிறார்கள். பார்களிலும் கிளப்புகளிலும் வாசிக்கப்பட்ட இசை வழிபாடாக மாற முயன்ற காலம் அது. ஜானுக்கு நம் நாட்டு இசைமேல் பெரிய மரியாதை. தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்ததே சிதார் மேதை ரவிசங்கரை நினைத்துத்தான்.

1967 ஜூலை 17-ஆம் தேதி ஜான் கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 40. ஆலிஸுக்கு அப்போது 30 கூட முடியவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்து சில மாதங்கள்தான். ஜான் உயிரோடு இருக்கும்போது ஒரு பெரிய ஹார்ப் வாத்தியத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அது வீடு வந்து சேர்ந்தது அவர் போன பிறகு. வாங்கியவர் இல்லை, வாத்தியம் மட்டும் வருகிறது. ஆலிஸ் அதைத் திருப்பி அனுப்பவில்லை. உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

அதற்குப் பின் வந்த காலத்தை அவரே 'தபஸ்' என்ற சொல்லால் குறிப்பிட்டார். தூக்கமில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது, பார்ப்பவர்கள் பயப்படும் நிலை. அந்த நேரத்தில்தான் அவர் ஒரு குருவைச் சந்தித்தார். இங்கே கொஞ்சம் நிறுத்திப் படிக்கவேண்டும், ஏனென்றால் கதை நம் ஊர்ப் பக்கம் வருகிறது.

சிரம்பான் வழியாக ஒரு சங்கிலி

அந்த குரு சுவாமி சச்சிதானந்தர். 1914-இல் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் ராமசாமி என்ற பெயரில் பிறந்த தமிழர். திருமணமாகி இரண்டு மகன்கள் பிறந்த பிறகு, மனைவியை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். அதன்பின் ஆன்மீகத் தேடலில் இறங்கி, 1949-இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் சன்னியாசம் பெற்றார். 1966-இல் நியூயார்க் போனார். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் இவர்தான்.

சுவாமி சிவானந்தர் யார் என்று நம் மலேசியப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பத்துமலை சிவானந்தா ஆசிரமத்துக்குப் போய் வந்தவர்களில் பல பேருக்குக்கூடத் தெரியாது. அவர் திருநெல்வேலிச் சீமை பத்தமடையில் பிறந்த குப்புசாமி. டாக்டர். 1913-இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்தில் தோட்ட மருத்துவமனையிலும், பிறகு ஜொகூர் பாருவிலும் வேலை பார்த்தார். நம் பாட்டன் பூட்டன்மார்கள் ரப்பர் மரம் வெட்டிய அதே காலம். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார், சன்னியாசியானார்.

ஆக, தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம்மவர்களுக்கு மருந்து கொடுத்த ஒரு தமிழ் டாக்டர், அவருடைய சீடராக ஒரு கொங்கு நாட்டுக்காரர், அந்தச் சீடரிடம் போய்ச் சேர்ந்த ஒரு டெட்ராய்ட் பெண். துணையை இழந்த ஒருவர், துணையை இழந்த இன்னொருவருக்கு என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். 1970 நவம்பரில் ஆலிஸ் பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அதில் தம்புராவின் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும், அதன்மேல் ஹார்ப் தண்ணீர் மாதிரி விழும். அவருடைய ஆல்பங்களில் மிகவும் பிரபலமானது இதுதான். ஜாஸ் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. யாருக்கும் தெரியாமல் கிடந்த இன்னொன்றைப் பற்றி.

மறைந்துபோன கேசட்

ஆலிஸ் 1972-இல் கலிபோர்னியாவுக்குக் குடிபோனார். 1975-இல் வேதாந்திக் சென்டர் என்ற அமைப்பைத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் காவி உடுத்தி, துரியசங்கீதானந்தா என்ற பெயரை ஏற்றார். பெரிய கம்பெனிகளுக்கு ஆல்பம் செய்வதை 1978-க்குப் பிறகு நிறுத்தியே விட்டார். 26 வருஷம் கழித்து 2004-இல்தான் மறுபடி ஒரு வணிக ஆல்பம். ஜாஸ் உலகம் "காணாமல் போய்விட்டார்" என்று நினைத்தது.

அவர் எங்கும் போகவில்லை. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாண்டா மோனிகா மலைகளில் 48 ஏக்கரில் ஓர் ஆசிரமம் அமைத்தார். பின்னாளில் அதன் பெயர் சாய் அனந்தம் ஆசிரமம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே பஜனை. ஆர்கன் முன்னால் அவர் உட்கார்ந்து வாசிக்க, எல்லோரும் கைதட்டிப் பாடுவார்கள். வந்தவர்களில் பல பேர் சர்ச்சில் வளர்ந்த கறுப்பின மக்கள். ஆகவே நம் நாமாவளி அங்கே கோஸ்பல் பாட்டின் வேகத்தில் எழும்பியது.

ஆசிரமம் அமைவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1982-இல், 'துரியா சிங்ஸ்' என்ற கேசட் வெளிவந்தது. எல்லாம் சமஸ்கிருத பஜனைப் பாடல்கள். அதுவரை வாத்தியம் வாசிப்பவராகவே உலகத்துக்குத் தெரிந்த அவர், முதன்முதலாகத் தனிக்குரலில் பாடிய பதிவு அது. விற்பனைக்கென்று பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. அவருடைய அமைப்பே வெளியிட்டது, பக்தர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான். அதே 1982-இல் அவருடைய மூத்த மகன் ஜான் ஜூனியர் கார் விபத்தில் இறந்தான். பதினெட்டு வயது நிரம்பவில்லை. இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கேசட்டுக்கும் சாவுக்கும் நானாக முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் தெரிந்தபின் அந்தக் குரலை முன்பு கேட்டமாதிரி கேட்க முடியவில்லை.

2004-இல் அந்த வணிக ஆல்பத்தைத் தயாரித்தவர் மகன் ரவி. அவரும் சாக்ஸபோன் கலைஞர். பழைய டேப்புகளைத் தேடும்போது, 1982 கேசட்டின் மிக்ஸ் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் அம்மாவின் குரலும் ஆர்கனும் மட்டும்! வெளியான கேசட்டில் அதற்குமேல் சின்தசைசர், வயலின் கூட்டம் எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. அடியில் இருந்த இந்த வெறும் பாட்டை அவர் அதுவரை கேட்டதே இல்லையாம். ஆலிஸ் 2007 ஜனவரியில் 69 வயதில் காலமானார். 2017-இல் ஆசிரமக் கேசட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்கள் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. அப்போதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 2018 நவம்பரில் உல்சி காட்டுத்தீயில் ஆசிரமக் கட்டடம் எரிந்துபோனது. 2021 ஜூலையில், குரலும் ஆர்கனும் மட்டும் உள்ள அந்த மிக்ஸை 'கீர்த்தன்: துரியா சிங்ஸ்' என்று ரவி வெளியிட்டார். என் ரூம்மேட் எனக்குக் காட்டியது அதைத்தான்.

துரியம் என்றால் டுரியான் இல்லை

இப்போது பாடத்துக்கு வருவோம். அன்றைக்கு நான் சொல்லத் தவறியது.

மாண்டூக்ய உபநிடதம் மிகச் சிறியது, மொத்தம் 12 மந்திரங்கள். அது நம் அனுபவத்தை நான்காகப் பிரிக்கிறது. விழித்திருப்பது, கனவு காண்பது, கனவில்லாமல் ஆழ்ந்து தூங்குவது, நான்காவதாக ஒன்று. அந்த நான்காவதற்குத் தனிப் பெயரே வைக்காமல் 'நான்காவது' என்றே சொல்லிவிட்டார்கள். துரியம் என்றால் நான்காவது, அவ்வளவுதான். எண்ணையே பெயராக வைத்ததில் எனக்கு ஒரு இன்ஜினியர் சந்தோஷம். பிறகு அதே உபநிடதம் ஓங்காரத்தை எடுத்துக்கொண்டு அ, உ, ம என்ற மூன்று ஒலிகளை முதல் மூன்று நிலைகளோடு பொருத்துகிறது. நான்காவதற்கு ஒலி இல்லை. ஓம் முடிந்தபின் இருக்கிற அமைதிதான் அதற்கு.

நம் சைவ சித்தாந்தம் இன்னொன்று கூட்டி ஐந்து அவத்தை என்று சொல்லும்: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். திருமூலரும் துரியத்தைப் பற்றி நிறையப் பாடியிருக்கிறார். வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? நான் வாங்கினேன். ஆனால் ஒரு டெட்ராய்ட் பெண் அதைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டதைக் கேட்டபிறகுதான் அது உண்மையான சொல்லாக எனக்குத் தெரிந்தது. துரியம், சங்கீதம், ஆனந்தம். மூன்றும் சேர்ந்தது அவர் பெயர்.

ஜகதீஸ்வர் என்பது ஜகத்தும் ஈஸ்வரனும் சேர்ந்தது, உலகத்தை ஆள்பவன். 'யமுனா தீர விஹாரி' என்றால் யமுனைக் கரையில் விளையாடித் திரிபவன். 'சரணம்' நமக்கே தெரியும். 'பிராணதன' என்றால் உயிரே செல்வமாக இருப்பவன் என்று எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் மறுநாள் ரூம்மேட்டுக்குச் சொன்னேன். "ஓ, அப்போ பேரை மட்டும்தான் கூப்பிடுறாங்களா? வேற ஒண்ணும் கேக்கலையா?" என்றான். நாம சங்கீர்த்தனத்தைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இந்தக் கலியுகத்துக்கு நாமமே போதும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வேண்டுதல் இல்லை, புகார் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்.

காதால் படிக்கவேண்டிய பகுதி

எங்கள் கிளை பஜனையில் நான்தான் கீபோர்டு. அதனால் இந்த ஆல்பத்தை முதலில் விரலால் கேட்டேன் என்று சொல்லலாம்.

நம் இசையில் சுருதி அசையாது. தம்புராவோ சுருதிப்பெட்டியோ ச-ப-ச என்று அப்படியே நிற்கும், பாட்டு மட்டும் அதன்மேல் ஏறி இறங்கும். சர்ச் ஆர்கனில் அப்படி இல்லை. பாட்டின் கீழே கார்டுகள் மாறிக்கொண்டே போகும், தரையே நகர்வதுபோல. ஆலிஸ் நம் நாமாவளியை எடுத்து, அதன்கீழே தன் சர்ச்சின் தரையைப் போட்டார். அதே பெயர்தான், ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கீழே கார்டு வேறாக இருப்பதால் பெயர் வேறு நிறத்தில் தெரிகிறது. ஒருமுறை துக்கமாக, ஒருமுறை வெளிச்சமாக.

இது சுத்தமா, கலப்படமா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் கிளையிலேயே ஒரு அங்கிள் கேட்டார். நான் அவருக்கு ஆர்மோனியத்தைக் காட்டினேன். அதுவும் சின்ன ஆர்கன்தான். 1842-இல் பாரிஸில் காப்புரிமை வாங்கப்பட்ட கருவி, பிறகு கல்கத்தாவில் கையால் துருத்தி போடும்படி மாற்றப்பட்டது. நம் கமகம் அதில் வராது என்று 1940-இல் அகில இந்திய வானொலி தடையே போட்டது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. இன்று ஆர்மோனியம் இல்லாத பஜனை மண்டபம் உண்டா? அங்கிள் சிரித்துவிட்டு, "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன். "பாருங்க, அமெரிக்காக்காரங்களே நம்ம பஜனை பாடுறாங்க" என்று பெருமைப்பட்டு இந்த ஆல்பத்தை ஃபார்வர்டு செய்யாதீர்கள். நமக்குச் சான்றிதழ் கொடுக்க அவர் பாடவில்லை. நம் ஊர்ப் பாடகியைப் போலப் பாடவும் அவர் முயலவில்லை. உச்சரிப்பு டெட்ராய்ட் உச்சரிப்புதான். குரல் தழுதழுக்காது, பிருகா கிடையாது, எங்கேயும் நடிப்பு இல்லை. தன்னிடம் என்ன குரல் இருந்ததோ அதை அப்படியே கொண்டுவந்து வைத்தார். நாங்கள் எப்படிப் பாடுகிறோம்? யூடியூபில் பிரபலமான ஒரு பாடகர் எப்படிப் பாடினாரோ அதே மாதிரி, மூச்சு வாங்கும் இடம்கூட மாறாமல். என் கீபோர்டில் 'பங்க்ரா 2' என்று ஒரு ஆட்டோ ரிதம் இருக்கு. எல்லாப் பாட்டுக்கும் அதுதான். கணபதிக்கும் அதுதான், முருகனுக்கும் அதுதான்.

1982 கேசட்டா, 2021 வெளியீடா, எது சரி என்பதிலும் எனக்கு முழுத் தெளிவு இல்லை. மல்டி டிராக் ரெக்கார்டிங் எப்படி என்று தெரிந்தவர்களுக்குப் புரியும்: குரல் ஒரு தடத்தில், ஆர்கன் ஒரு தடத்தில், மற்றதெல்லாம் தனித்தனித் தடத்தில். எதையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அம்மா வைத்த குழம்பில் மகன் தேங்காய்ப்பாலை மட்டும் பிரித்தெடுத்துப் பரிமாறிய மாதிரி. சின்தசைசரும் வயலினும் வேண்டும் என்று முடிவெடுத்தவர் ஆலிஸ். அவருக்கு அது வானுலகத்தின் ஒலியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது மகன் கொடுத்ததுதான். ஆசிரமத்தில், விடியற்காலையில், யாருக்காகவும் இல்லாமல் ஒருவர் பாடுவதை வாசலில் நின்று கேட்பதுபோல இருக்கு.

வகுப்பு நடத்தும் அண்ணன் அக்காமார்களுக்கு ஒரு யோசனை. முதல் பாட்டைப் போடுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள், போனைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்ததும் உடனே பேசாமல் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் மாண்டூக்யம் நடத்த வேண்டியது பாதி நடந்துவிடும். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாங்கள் அடிக்கடி பாடுகிற ஒரு நாமாவளியின் சொற்பொருளை எழுதட்டும். தெரியாத சொல்லை அடிக்கோடிடட்டும். நான் செய்தபோது பதினோரு பாட்டில் ஏழில் அடிக்கோடு விழுந்தது. நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோ ரிதத்தை நிறுத்திவிட்டு, கைத்தட்டல் மட்டும் வைத்துப் பாடிப் பார்த்தோம். பெரியவர்களுக்குப் பிடித்தது. சின்னப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி தபேலா வந்துவிட்டது. பங்க்ரா 2 மட்டும் இன்னும் வரவில்லை.

வீட்டில்

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அம்மா எங்கள் தாமான் கோயில் பஜனையில் பல வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவர். ஆர்மோனியமும் அவரே. நான் யூனியில் சேர்ந்த முதல் வருஷம் அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு அம்மா பஜனைக்குப் போவதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வா என்றும் யாரும் கூப்பிடவில்லை. திருவிளக்குப் பூசைக்குப் பெயர் எழுதும்போது அவர் பெயர் விடுபட்டது. ஒருமுறை போனபோது "நீங்க பின்னால வசதியா உட்காருங்கக்கா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதால் பதில் சொல்ல முடியவில்லை. ஆர்மோனியம் இப்போது அலமாரிக்கு மேலே, பழைய சேலை சுற்றி இருக்கு. அந்தப் பஜனையில் கீபோர்டு வாசிப்பவன் நான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது, அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் இந்த ஆல்பத்தைப் போட்டேன். யார், என்ன என்று சொல்லவில்லை. முதல் பாட்டு முழுவதும் கத்திச் சத்தம் கேட்டது. ரெண்டாவது பாட்டில் நின்றது.

"யாருப்பா இது? வெள்ளைக்காரங்களா?"

சொன்னேன். டெட்ராய்ட், சர்ச், ஜான், நான்கு பிள்ளைகள், ஹார்ப் எல்லாம் சொன்னேன்.

"அவர் போனதுக்கு அப்புறமா பாடினதா இது?"

"ஆமாம்மா. பதினஞ்சு வருஷம் கழிச்சு. அங்க அவங்கதான் முன்னால உட்கார்ந்து நடத்துவாங்க. சாமினியும் அவங்கதான்."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரொம்பக் கீழ பாடுறாங்க" என்றார். "நான் அப்பல்லாம் அஞ்சரைக் கட்டையில பாடுவேன், தெரியுமா? இப்ப எனக்கும் இந்தச் சுருதிதான் வரும்னு நினைக்கிறேன்."

"பாடிப் பாருங்களேன்."

"சும்மா இரு. முதல்ல இருந்து போடு."